இரண்டு விநாடி வெளிச்சம்

அப்பாவின் பழைய பிலிம் கேமராவின் பின்மூடியை நான் திறந்து மூடிய நேரம், அதிகம் போனால் இரண்டு விநாடி. எட்டு மாதமாக அந்த இரண்டு விநாடியைத்தான் சுற்றிச் சுற்றி வருகிறேன். படுத்தால் கண் அசருவதற்கு முன்னால் ஞாபகம் வருகிறது. யாராவது "பழைய பெட்டியில என்னவோ கிடைச்சுது" என்று பேச்செடுத்தால் அப்போதும் வருகிறது. "எதையும் திறந்துடாதீங்க, கொஞ்சம் பொறுங்க" என்று அவர்களிடம் சொல்ல வாய் துடிக்கும். ஆனால் ஏன் பொறுக்க வேண்டும் என்று ஒரு வரியில் சொல்ல முடியாது. அதனால்தான் முழுவதையும் எழுதிவிட உட்கார்ந்தேன்.

அப்பா போய் ஆறு வருடமாகிறது. அவருடையது என்று தனியாக எதையும் நாங்கள் எடுத்து வைக்கவில்லை. அவர் பொருட்கள் வீட்டில் அங்கங்கே கிடந்தன, அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். பரணில் ஒரு தகரப்பெட்டி இருப்பது எனக்கும் அண்ணனுக்கும் சின்ன வயதிலிருந்தே தெரியும். பழைய காகிதம், ரசீது, அந்த மாதிரி ஏதாவது இருக்கும் என்று நினைத்திருந்தோம். கூரையில் ஒழுக்கு கண்டபோது பரணை ஒழிக்க வேண்டியதாயிற்று, பெட்டியும் கீழே இறங்கியது. உள்ளே மேலாக ஒரு மடித்த துணி. அதன் கீழே நின்றுபோன கைக்கடிகாரம், ஒரு பக்கம் விரிசல் விட்ட மூக்குக் கண்ணாடி, நூலால் கட்டிய கடிதக் கட்டு ஒன்று, வீட்டில் எந்தப் பூட்டுக்கும் சேராத சாவி, இரண்டு கேமராக்கள். ஒன்று தாத்தாவுடையது, பக்கவாட்டில் திறந்தால் துருத்தி நீளும் மடக்குக் கேமரா. தோல் உறைக்குள் இருந்த இன்னொன்று அப்பாவுடையது.

உறையின் பொத்தானைக் கழற்றும்போதே தோல் செதில் செதிலாகக் கையில் உதிர்ந்தது. உள்ளே இருந்த கேமரா மட்டும் நேற்று வைத்த மாதிரி இருந்தது. ஒலிம்பஸ் ட்ரிப் 35. 1967இல் வந்து 1984 வரை தயாரிப்பில் இருந்த மாடல் என்பதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டதுதான். அப்போது பெயர்கூடத் தெரியாது, தேடிப் பார்க்கலாம் என்று இடது கையில் பிடித்தபடி போனில் ஒரே ஒரு படம் எடுத்தேன். அந்தப் படத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

## மூடி

இந்தக் கேமராவுக்கு பேட்டரி கிடையாது. லென்ஸைச் சுற்றித் தேன்கூடு போலக் குட்டிக் குட்டிக் குமிழ்களாக ஒரு கண்ணாடி வளையம் இருக்கும், அதன் பின்னால் செலினியம் தகடு. மேலே விழும் வெளிச்சத்திலிருந்தே கொஞ்சம் மின்சாரம் எடுத்துக்கொண்டு எவ்வளவு திறக்க வேண்டும் என்று தானே முடிவு செய்துகொள்ளும். வெளிச்சம் போதாவிட்டால், கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டருக்குள் கீழிருந்து ஒரு சிவப்புப் பட்டை எழும்பும், ஷட்டர் விழாது. சின்ன வயதில் அப்பா அந்தச் சிவப்பை எங்களுக்கு விளையாட்டாகக் காட்டியிருக்கிறார். அந்த ஞாபகத்தில், பிலிமை நகர்த்தும் பின்பக்கச் சக்கரத்தைக் கட்டைவிரலால் ஒரு முறை நிற்கும்வரை சுழற்றினேன். கொஞ்சம் இறுக்கமாக, ஆனால் வழுக்கிக்கொண்டு வந்தது. லென்ஸை உள்ளங்கையால் பொத்தி, கண்ணை வைத்து அழுத்தினேன். சிவப்பு எழுந்தது. முப்பது வருடத்துக்கு மேல் பெட்டியில் கிடந்த பொருள், இருட்டு என்று சரியாகச் சொன்னது. "அண்ணா, வேலை செய்யுது!" என்று கத்தியது நன்றாக நினைவிருக்கிறது. அந்தச் சந்தோஷத்தில்தான் பக்கவாட்டில் இருந்த சின்னத் தாழை நகர்த்தினேன். பின்மூடி விரிந்தது.

உள்ளே பிலிம் இருந்தது. இடப்பக்கம் உருளை, நடுவில் இழுத்துக் கட்டிய மாதிரி கரும்பழுப்பில் பளபளக்கும் பட்டை, வலப்பக்கம் சுருண்ட சுற்று. காலை பத்து மணி, ஜன்னலெல்லாம் திறந்திருந்தது. பார்த்தது என்ன என்று மூளைக்கு எட்டுவதற்குள் கை மூடிவிட்டது. மேல்தட்டில் எத்தனை படம் எடுத்தாயிற்று என்று காட்டும் சின்ன ஜன்னலைப் பார்த்தேன், ஆரம்பக் குறியில் நின்றது. பின்மூடி திறந்தால் அந்த எண் தானாக ஆரம்பத்துக்கே போய்விடும், அப்படித்தான் செய்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் அங்கே ஏதோ ஓர் எண் இருந்திருக்கிறது. அப்பா கடைசியாகப் பார்த்து வைத்த எண். நான் பார்க்கவே இல்லை.

பிலிம் கேமரா பழக்கமில்லாதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் என் வருத்தமெல்லாம் இதில்தான் இருக்கிறது. இந்த வகைக் கேமராவில் எடுக்காத பிலிம் இடப்பக்க உருளைக்குள் பத்திரமாக இருக்கும். எடுத்து முடித்தது ஒவ்வொன்றாக வலப்பக்கம் போய்ச் சுற்றிக்கொள்ளும். முதலில் எடுத்த படம் சுற்றின் நடுவில் இருக்கும், அடுத்தடுத்த படங்கள் அதன் மேல் போர்த்திக்கொண்டே வரும். கடைசியாக எடுத்தது எல்லாவற்றுக்கும் மேலே. பாதி ரோலில் மூடியைத் திறந்தால் வெளிச்சம் முதலில் அடிப்பது அந்தக் கடைசிப் படங்களைத்தான். அவை வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு உள்ளே இருப்பவற்றைக் காப்பாற்றிவிடும். ஆக, அப்பா முதலில் எடுத்தவை தப்பிக்கும். அவர் கடைசியாக எதைப் பார்த்தாரோ அது போய்விடும்.

உள்ளே ரோல் இருக்கிறதா என்று திறக்காமலே தெரிந்துகொள்ள வழி இருந்தது. இடப்பக்க மேல்மூலையில் பிலிமைத் திருப்பிச் சுற்றும் குமிழ் இருக்கும். அதன் அம்புக்குறி காட்டும் பக்கம் மெதுவாகத் திருகினால், காலியாக இருந்தால் சும்மா சுழன்றுகொண்டே இருக்கும், ரோல் இருந்தால் கொஞ்ச தூரத்தில் இறுகி நிற்கும். நான் சக்கரத்தைச் சுழற்றினேனே, அப்போதே அந்தக் குமிழ் தானாகச் சுழன்றிருக்கும். சக்கரம் இறுக்கமாக வந்ததே, அதுவும் பிலிமின் இழுவைதான். சொல்ல வேண்டியதைக் கேமரா இரண்டு விதமாகச் சொல்லியிருக்கிறது.

## நாலு அணு

அன்று ராத்திரி தூங்கவில்லை. இத்தனை வருடம் கழுவாத பிலிமில் ஏதாவது மிஞ்சியிருக்குமா என்று தேடித் தேடிப் படித்தேன். 1897இல் சாலமன் ஆந்த்ரே என்ற சுவீடன்காரர் இரண்டு பேரோடு வாயுக்கூண்டில், அதாவது ராட்சத பலூனில், வடதுருவத்துக்குக் கிளம்பினார். மூன்றாம் நாளே கூண்டு பனியில் இறங்கிவிட்டது. வாரக்கணக்கில் பனிக்கட்டியின் மேல் நடந்து, கடைசியில் க்விட்டோயா தீவில் மூவரும் இறந்துபோனார்கள். 1930இல் அவர்களுடைய முகாம் கண்டுபிடிக்கப்பட்டபோது பிலிம்களும் கிடைத்தன. யோன் ஹெர்ட்ஸ்பெர்க் என்ற புகைப்படக்காரர் ஸ்டாக்ஹோமில் அவற்றைக் கழுவினார். 240இல் 93 படங்கள் மீண்டன. விழுந்த கூண்டைப் பார்த்தபடி இரண்டு பேர் நிற்கும் படம் அதில் ஒன்று. 33 வருடம் பனியில் கிடந்த பிலிம். அதைப் படித்தபோது என் வயிற்றில் இருந்த கல் கொஞ்சம் இறங்கியது.

எப்படி அத்தனை வருடம் நிற்கிறது என்பதையும் படித்தேன். பிலிமில் வெள்ளி உப்பின் நுண்ணிய துகள்கள் பரவியிருக்கும். ஷட்டர் விழும்போது ஒரு துகளின் மேல் சில வெள்ளி அணுக்கள் ஒன்றுகூடுகின்றன. நாலு அணு ஒரே இடத்தில் சேர்ந்தாலே போதும், டெவலப்பர் என்ற கழுவும் ரசாயனம் பட்டதும் அந்தத் துகள் முழுவதும் கறுத்துவிடும். பக்கத்தில் வெளிச்சம் படாத துகள் அப்படியே நிற்கும். இந்த வித்தியாசம்தான் படம். கழுவும்வரை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அங்கே இருக்கும். வருடங்கள் போகப்போக வெளிச்சமே படாத துகள்களும் தாமாகக் கெட ஆரம்பித்து, படம் முழுக்க ஒரு மூட்டம் போட்டுவிடும். வெப்பமும் ஈரமும் அதை வேகப்படுத்தும். எங்கள் பரண் கூரைக்கு நேர் கீழே இருந்தது என்று நினைத்தபோது மறுபடியும் கல் ஏறியது.

எவரெஸ்டில் 1924இல் காணாமல் போன மலரியும் இர்வினும் ஒரு கோடாக் பாக்கெட் கேமரா கொண்டுபோனார்கள். மலரியின் உடல் 1999இல் கிடைத்தது, கேமரா இதுவரை கிடைக்கவில்லை. ஆனால் கிடைத்தால் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றி ஆர்வலர்கள் இப்போதே ஆலோசித்து வைத்திருக்கிறார்கள். திறக்கவே கூடாது, வெளிச்சம் காட்டக்கூடாது, குளிரிலேயே வைத்துக் கீழே கொண்டுவர வேண்டும். இல்லாத கேமராவுக்கு அவ்வளவு முன்யோசனை. நான் கையில் இருந்ததைப் பத்து நிமிடம்கூட அப்படியே வைத்திருக்கவில்லை.

மறுநாள், அடியில் இருக்கும் பொத்தானை அழுத்திக்கொண்டு, இருட்டு அறையில், போர்வைக்குள் கையை விட்டுப் பிலிமை மெதுவாகத் திருப்பிச் சுற்றினேன். கடைசியில் ‘டக்’ என்று பிடி விட்டது. உருளையில் சி-41 என்று அச்சிட்டிருந்தது. 1972இல் வந்த, இன்றைக்கும் நடப்பில் இருக்கிற கலர் பிலிம் முறை. அப்பாடா, இன்றும் கழுவலாம் என்று நினைத்தேன். பழைய ரோல்களை மட்டுமே கழுவித் தரும் ஒருவரை நண்பர் மூலம் பிடித்தேன். அவர் உடனே சரி என்று சொல்லவில்லை. "கலரா கழுவினா, மூணு அடுக்குச் சாயமும் மூணு விதமா கெட்டிருக்கும். மூட்டம் அதிகமா இருந்தா உருவமே அடிபட்டுப் போகலாம். கருப்பு வெள்ளை டெவலப்பர்ல போட்டா உருவம் நிக்க வாய்ப்பு அதிகம். ஆனா கலர் போயிடும், திரும்ப வராது. ரெண்டுல ஒண்ணுதான். வீட்ல கேட்டுச் சொல்லுங்க" என்றார்.

அண்ணன் கலர் வேண்டும் என்றான். அப்போது நாங்கள் இருந்த வீட்டின் சுவர் நிறம் அவனுக்கு ஞாபகம் இருக்கிறதாம், அதைப் பார்க்க வேண்டுமாம். எனக்குத் தைரியமில்லை. நாங்கள் இரண்டு பேரும் பேசிப் பேசி ஓய்ந்தபிறகு அம்மா, "முகம் தெரிஞ்சா போதும்டி. கலர் எனக்குத் தெரியும்" என்றார். அதோடு முடிந்தது.

## 17 படங்கள்

மூன்று வாரம் கழித்து நெகடிவ் வந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டிப் பிடித்தபோது முதலில் தெரிந்தது ஆரஞ்சுப் பழுப்பான மூட்டம்தான். பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணுக்குப் பிடிபட்டது. முதல் படம் காலி நாற்காலி, புது ரோல் போட்டதும் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்க்க அடித்திருப்பார். அடுத்து வாசல்படியில் ஒரு காலில் மட்டும் சாக்ஸோடு நான், மூன்று வயதிருக்கும். அண்ணன் சைக்கிள் கற்றுக்கொள்வது மட்டும் நாலு படம். நாலிலும் சைக்கிள் வேறு வேறு பக்கம் சாய்ந்திருக்கிறது, நாலாவதில் அவன் தரையில் இருக்கிறான். எட்டாவதில் மொட்டைமாடித் தரையில் அப்பாவின் நிழல். இரண்டு முழங்கையும் வெளியே துருத்திக்கொண்டு, தலைக்குப் பக்கத்தில் கேமராவின் சதுரம். ரோல் முழுவதிலும் அவர் இருப்பது அந்த ஒன்றில்தான். எங்கள் ஆல்பங்களிலும் அவர் அதிகம் கிடையாது. எடுப்பவர் எப்போதும் இந்தப் பக்கம் நிற்பவர்தானே.

17 படம் முழுசாக வந்தது. 18ஆவதில் அண்ணனும் நானும் ஏதோ சுவருக்கு முன்னால் நிற்கிறோம். அண்ணன் இருக்கிறான், என் பக்கம் பாதி கறுப்பு. கறுப்பின் ஓரத்தில் பிலிமின் பல்துளைகள் வரிசையாக நிழலாக விழுந்திருக்கின்றன. அன்று காலை பத்து மணி வெளிச்சம் மேல் சுற்றின் துளைகள் வழியாக நுழைந்து உள்சுற்றில் போட்ட அச்சு அது. அதற்கப்புறம் முழுக் கறுப்பு. அதைத் தாண்டினால் எடுக்காத பிலிம், வெறுமை.

கறுப்புக்குள் படங்களுக்கு நடுவே எல்லைக்கோடு தெரியாது. அளந்துதான் பார்க்க வேண்டும். ஒரு படம் 36 மி.மீ., இடைவெளி 2 மி.மீ., ஆக ஒன்றுக்கு 38. ஸ்கேலை வைத்தேன். 15 செ.மீ.க்கு ஒரு நூல் கூட வந்தது. நாலு படத்தின் இடம். அதில் கடைசி ஒன்று நான் சக்கரத்தைச் சுழற்றியதால் வந்த வெற்றிடம். ஆக அப்பா எடுத்த மூன்று படங்கள் அதற்குள் இருக்கின்றன. 19, 20, 21. அந்த ஜன்னலில் அப்பா கடைசியாகப் பார்த்த எண் 21ஆக இருந்திருக்க வேண்டும். ஸ்கேலும் கையுமாக நான் கண்டுபிடித்ததை, முதல் நாள் குனிந்து பார்த்திருந்தால் கேமராவே சொல்லியிருக்கும்.

## வளையத்தில் ஒற்றைத் தலை

இந்தக் கேமராவில் தூரத்தை மீட்டரில் கணக்குப் போட வேண்டியதில்லை. லென்ஸ் வளையத்தில் நாலு சின்னப் படக்குறிகள் இருக்கும். ஒரு தலையும் தோளும் என்றால் ஒரு மீட்டர். இரண்டு பேர் என்றால் ஒன்றரை. மூன்று பேர் கூட்டமாக நின்றால் மூன்று மீட்டர். மலை என்றால் தூரத்துக் காட்சி. வளையம் ஒவ்வொரு குறியிலும் ‘டிக்’ என்று நிற்கும், தற்செயலாகத் திரும்பாது. நெகடிவ் வந்து இரண்டு நாள் கழித்துத்தான் எனக்கு அது உறைத்தது. கேமராவை எடுத்துப் பார்த்தேன், வளையம் மலையில் நின்றது. ஆனால் அதற்குள் நானும் அண்ணனும் அண்ணன் பிள்ளைகளும் அதை எத்தனை முறை திருகியிருப்போம்!

அப்போதுதான் போனில் எடுத்த அந்த ஒரே படம் ஞாபகம் வந்தது. பெட்டியிலிருந்து எடுத்த அடுத்த நிமிடம், எதையும் திருகுவதற்கு முன்னால், பெயர் தெரிய வேண்டும் என்று மட்டும் எடுத்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். மேலிருந்து சாய்வாக எடுத்திருக்கிறேன், வளையம் நன்றாகத் தெரிகிறது. குறி நிற்பது ஒற்றைத் தலையில். அதே படத்தில் என் இடது கட்டைவிரல் மேல்தட்டில், எண் தெரியும் ஜன்னலுக்கு நேர் மேலே படுத்திருக்கிறது.

போனை அம்மாவிடம் கொண்டுபோனேன். குறிகளுக்கு என்ன அர்த்தம் என்று அவருக்குச் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. "ஒத்த ஆளுன்னா ரொம்பக் கிட்ட. ஒரு எட்டு தள்ளி நின்னு எடுப்பார்" என்றார். கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அது நான்தான்" என்றார்.

தலைக்குக் குளித்துவிட்டு ஜன்னல் பக்கமாக உட்கார்ந்து முடியை உதறிக்கொண்டிருந்தாராம். அப்பா எதிரில் வந்து நின்று, அப்படியே இரு என்றாராம். "முகத்துல தண்ணி சொட்டிக்கிட்டிருக்கு, இப்பப் போய் எடுக்கிறீங்களேன்னு கோவிச்சுக்கிட்டேன். எடுத்துட்டார். எடுத்துட்டுச் சிரிச்சார். மீதியை நீ நல்லா இருக்கிறப்ப எடுக்கலாம்னு சொல்லி உறையில போட்டார். அப்புறம் அந்த மாசமே வீடு மாத்தினோம். சாமான் கட்டுறப்ப அந்தப் பெட்டியில போனதுதான்."

முப்பது வருடத்துக்கு மேலாக அம்மா இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாக அவருக்குத் தோன்றவும் இல்லை. எங்கள் வீட்டு ஆல்பங்களில் அம்மா தனியாக இருக்கும் படங்கள் மிகவும் குறைவு. எல்லாவற்றிலும் யாரோ ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டோ, ஓரத்தில் பாதியாகவோதான் இருப்பார். ஒரு மீட்டர் தூரத்தில் நின்று அப்பா அம்மாவை மட்டும் பார்த்த படம் ஒன்று, எனக்கு மூன்று வயதிலிருந்து அந்தப் பெட்டிக்குள் இருந்திருக்கிறது. அதைத்தான் நான் வெளிச்சத்தில் காட்டினேன். "மன்னிச்சிடும்மா" என்றேன். அம்மா என் கையிலிருந்த நெகடிவை வாங்கி, கறுத்த பகுதியை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "அப்பவும் இப்படித்தான் வெளிச்சம் வந்துச்சு" என்றார். எனக்காகச் சொன்னாரா, தனக்காகச் சொன்னாரா தெரியாது.

## கட்டு

இதற்கிடையில் அண்ணன் ஒரு நல்ல காரியம் செய்வதாக நினைத்துக் கடிதக் கட்டைப் பிரித்தான். மொத்தம் 26 கடிதம். தேதி வாரியாக அடுக்கி, ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்து, புது உறைகளில் போட்டு வைத்தான். பார்க்க அழகாக இருந்தது. அம்மா வந்து பார்த்துவிட்டு, "நடுவுல ரெண்டைச் சேர்த்து மடிச்சு வெச்சிருந்தேனே, அது எதெதுடா?" என்று கேட்டார். ஒன்று அவர் அம்மா எழுதியது, இன்னொன்று பல வருடம் கழித்து அப்பா எழுதியது. ஒன்றில் கேட்டதற்கு மற்றதில் பதில் இருக்கிறதாம். தேதிப்படி அடுக்கியதில் அவை எங்கெங்கோ போய்விட்டன. இப்போது எல்லாவற்றையும் படித்துத்தான் ஜோடியைக் கண்டுபிடிக்க வேண்டும். அம்மாவின் கண்ணுக்கு அந்த எழுத்து இப்போது எட்டாது. நாங்கள் படித்துக் காட்டலாம்தான். அதற்கு அம்மா சம்மதிக்கவில்லை.

ஆவணக் காப்பகங்களில் இதற்கென்றே ஒரு விதி உண்டு என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டில் உருவாகி இன்றுவரை கடைப்பிடிக்கப்படுகிறது. ஒருவர் தன் காகிதங்களை எந்த ஒழுங்கில் வைத்துவிட்டுப் போனாரோ அதைக் கலைக்கக்கூடாது. நமக்குக் குப்பையாகத் தெரிந்தாலும் சரி. எது எதன் பக்கத்தில் இருந்தது, எது எதற்குள் மடித்திருந்தது என்பதும் அவர் எழுதியதுதான். எங்கள் பெட்டியில் அப்படி எத்தனை இருந்தனவோ! கைக்கடிகாரத்துக்கு அண்ணன் முதல் நாளே சாவி கொடுத்துவிட்டான், எத்தனை மணியில் நின்றிருந்தது என்று இருவருக்கும் நினைவில்லை. மூக்குக் கண்ணாடிக் கூட்டை நான் துடைத்தேன். அதற்குள் ஒரு காய்ந்த இலையோ பூவோ இருந்தது, தூசியோடு போய்விட்டது.

"உடனே எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி வெச்சிடுங்க" என்று எல்லாரும் சொல்கிறார்கள். தப்பில்லை, செய்ய வேண்டியதுதான். 70, 80களின் கலர் பிரிண்டுகள் இருட்டில் வைத்திருந்தாலும் நீலப்பச்சைச் சாயம் முதலில் போய், முகமெல்லாம் செம்மை ஏறிவிடுகிறது. பசை தடவிய பக்கத்தில் பிளாஸ்டிக் தாள் போர்த்திய ஆல்பங்களில் படத்தின் முதுகைப் பசை தின்கிறது. நெகடிவ் உறையைத் திறந்தால் புளித்த வினிகர் வாடை வந்தால் பிலிமின் அசிடேட் அடிப்படலம் உடைய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம், அதை மற்றவற்றோடு வைக்கக்கூடாது. இதெல்லாம் அவசரம்தான். ஆனால் ஸ்கேன் செய்வதற்கு முந்தின ஒரு மணி நேரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு அந்த ஒரு மணி நேரம்தான் முக்கியம். பெட்டியின் மூடியைத் திறந்து, கையைக் கட்டிக்கொண்டு, அதை அப்படியே நாலு பக்கமும் போட்டோ எடுக்க வேண்டும். மேலே இருப்பதை எடுத்தபிறகு இன்னொன்று, அதற்கும் கீழே இன்னொன்று. எல்லா எண்ணையும், எல்லாக் குறியையும், எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்பதையும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டுதான் எதையும் தொட வேண்டும். அன்று அம்மா சமையலறையில் இருந்தார். பத்தடி தூரம். கூப்பிட்டிருந்தால் "அதுல ரோல் இருக்கும்டி" என்று அங்கிருந்தே சொல்லியிருப்பார். அவருக்குத் தெரியும்.

## தாத்தாவின் துருத்தி

தாத்தாவின் மடக்குக் கேமராவை மூன்று மாதம் யாரும் தொடவில்லை. தொடுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆக்ஃபா ஐசோலெட், 120 என்ற அகலமான பிலிம் ரோல் போடுகிற ரகம். பின்பக்கம் குட்டியாக ஒரு சிவப்பு ஜன்னல் இருக்கும், பிலிமின் பின்னால் ஒட்டி வரும் காகிதத்தில் அச்சிட்ட எண் அதில் தெரியும். டார்ச்சை நேராக அடிக்காமல் மங்கலான வெளிச்சத்தில் பார்த்தேன், எண் எதுவும் தெரியவில்லை. சுற்றும் குமிழைக் கால் திருப்பு திருப்பினேன், இழுவை இல்லை. அப்படியும் நம்பாமல் ராத்திரி வரை பொறுத்து, கும்மிருட்டில் போர்வைக்குள் திறந்து விரலால் தடவிப் பார்த்தேன். காலி உருளை ஒன்று மட்டும் இருந்தது.

பிறகு துருத்தியை முழுக்க நீட்டி, டார்ச்சை உள்ளே விட்டு, விளக்கை அணைத்தோம். மடிப்பின் மூலைகளில் ஊசிமுனை அளவில் ஓட்டைகள் இருந்தால் வெளியே தெரியும் என்று படித்திருந்தேன். தெரிந்தது. ஒன்று, மூன்று, ஏழு. அந்தச் சின்னக் கறுப்பு மடிப்புகளின் ஓரமெல்லாம் வெளிச்சப் புள்ளிகள். லென்ஸுக்குள் ஒரு மூலையில் சிலந்திவலை போலப் பூஞ்சை, பெட்டிக்குள் ஈரம் தங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. இனி இதில் படம் எடுக்க முடியாது. அம்மா இருட்டில் விரலை நீட்டி அந்தப் புள்ளிகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தார். "மாமா இதைத் தொடவே விடமாட்டார். உங்கப்பாவுக்குக்கூடக் கொடுத்ததில்ல" என்றார். அதையும் அன்று ராத்திரியே எழுதி, கேமராவோடு வைத்தேன். பென்சிலால். பேனா மை ஒரு நாள் ஊறிப் போய்விடும்.

நெகடிவை ஆறு ஆறு படமாக வெட்டி, பாலிப்ரோப்பிலின் உறைகளில் போட்டாயிற்று. கறுத்த பகுதியை வெட்டி எறிந்துவிடட்டுமா என்று கழுவித் தந்தவர் கேட்டிருந்தார். வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். அதற்குத் தனி உறை போட்டேன். என்ன எழுதுவது என்று அம்மாவைக் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். "19: ஞாபகம் இல்லை. 20: ஞாபகம் இல்லை, சைக்கிளாக இருக்கலாம். 21: நான், ஜன்னல் பக்கம், தலை ஈரமாக." எழுதி முடித்துப் படித்துக் காட்டியபோது அம்மா கொஞ்சம் யோசித்தார். "கோவமான்னு போடு" என்றார். 'ஈரமாக' என்பதற்குப் பக்கத்தில் அதையும் சேர்த்தேன்.